ஆசிரியர் விட்டுப்போன ஒத்திகைக் கேசட்டுகள்: நினைவு நிகழ்ச்சிக்கு முன் எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி: திரைக்குப்பின்

எங்கள் நாடகக் குழுவின் ஆசிரியர் மறைந்து நான்கு மாதம் ஆகிறது. நடிப்பும் இயக்கமும் கற்றுத்தந்தவர். குழுவில் பாதிப் பேருக்கு அவர் ஆசிரியர் என்பதைவிட நெருங்கிய நண்பர். அவர் வீட்டார் ஐந்து அட்டைப்பெட்டிகளை எங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவை: 70 ஆடியோ கேசட் (90 நிமிடம் ஓடும் சி-90 58, 120 நிமிடம் ஓடும் சி-120 12), அவற்றில் முக்கால்வாசி ஒத்திகையின்போது பதிந்தவை. சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டான மினிடிவி 14, பழைய விஎச்எஸ் வீடியோ கேசட் 9. கைப்பட எழுதிய 23 நோட்டு. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு நிறைந்த 11 மேடைப் பிரதி. ஒரு பெரிய உறை நிறையப் புகைப்படங்கள். பெரும்பாலானவற்றின் பின்னால் எதுவும் எழுதவில்லை.

முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறோம். எட்டு மாதம் கையில் இருக்கிறது. மேடையேறிய நாடகங்களின் நல்ல பதிவுகளை மட்டும் டிஜிட்டலாக்கி, அரைமணி நேர வீடியோவாகத் தொகுத்துத் திரையிடுவதாக எண்ணம். ஒத்திகைக் கேசட்டுகளில் இரைச்சல் அதிகம். பாதியில் நின்றுபோகும், ஒரே வசனம் இருபது தடவை வரும். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாமா? வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே தப்பு நடக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: ஒலிநாடா

ஒதுக்க வேண்டாம். முதலில் எடுக்க வேண்டியதே ஒத்திகைக் கேசட்டுகளைத்தான். மேடைப் பதிவில் நடிகர்கள் இருப்பார்கள், இயக்குநர் இருக்க மாட்டார். ஒத்திகைப் பதிவில்தான் உங்கள் ஆசிரியர் இருக்கிறார்: எந்தச் சொல்லில் நிறுத்தினார், என்ன சொல்லித் திருத்தினார், திருத்திய பிறகு வசனம் எப்படி மாறியது, எல்லாமே அதில் இருக்கும். ஒரே வசனம் இருபது தடவை வருகிறதென்றால், ஒரு பாடம் இருபது படியாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

எந்தக் கேசட்டையும் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் எண் கொடுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். கேசட்டின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினால் அது கேசட் ஓட்டும் டெக்குக்குள் உரிந்து மாட்டும். பழைய லேபிள், உள்ளே இருக்கும் அட்டை இரண்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கும். இரண்டையும் உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஏற்கெனவே உடைத்து, பிறகு அந்த ஓட்டையை யாராவது டேப் ஒட்டி மூடியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

கருவி: யூஎஸ்பி சொருகும் கையடக்க பிளேயர் வேண்டாம். அவற்றின் ஓட்டம் சீராக இருக்காது, குரல் மெல்ல அலைபாயும். பழையதானாலும் நல்ல நிலையில் உள்ள முழு அளவு கேசட் டெக், அதிலிருந்து ஒலியை டிஜிட்டலாக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினி. நாடாவைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை நகர்த்தும் உலோகத்தண்டான கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலருக்கு மட்டும் லேசான சோப்புத் தண்ணீர். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். மூன்று நான்கு கேசட்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு கேசட்டைப் போட்டு, டெக் நாடாவைத் தின்னவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகே அவருடையதைப் போடுங்கள்.

வருடக்கணக்கில் கிடந்த சி-90-ஐ ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள். சுற்றுகளின் இறுக்கம் சமமாகும். சி-120-க்கு இதைச் செய்யாதீர்கள். சி-60 நாடாவின் தடிமன் ஏறக்குறைய 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. வேகமாகச் சுற்றி சட்டென்று நிறுத்தினால் இழுபடும், இழுபட்ட இடத்தில் குரல் இழுவையாகிவிடும். அறுகோணப் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துக் கையாலேயே சுற்றுவது நல்லது.

இனி முக்கியமான விஷயம், அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம். பதிந்த கருவியின் ஹெட்டும் நீங்கள் ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. வித்தியாசம் மயிரிழைதான் என்றாலும், குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகும். பலர் நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைவிடுவது இங்கேதான். ஹெட்டின் பக்கவாட்டில், ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதன் இப்போதைய நிலையை மெல்லிய மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் மோனோவாக வைத்து, பேச்சு வரும் இடத்தை ஓடவிட்டு, காந்தமில்லாத சிறு ஸ்க்ரூடிரைவரால் எட்டில் ஒரு சுற்று அளவுக்கு மெல்லத் திருப்புங்கள். உயிரெழுத்தைக் கேட்காதீர்கள். 'ச', 'ஸ' மட்டும் கேளுங்கள். அந்தச் சீறல் கூர்மையாகி, மறுபடி மங்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கினால் அதுதான் சரியான கோணம். ஒரே கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் கோணம் மாறலாம், ஆகவே பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் குறித்த நிலைக்கே திருப்பி வையுங்கள்.

அட்டையில் டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) என்று குறிப்பு இல்லாவிட்டால் டால்பியை அணைத்தே வையுங்கள். ஒத்திகையில் முணுமுணுப்புக்கு அடுத்த நொடி கூச்சல் வரும். அதனால் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி இருக்கட்டும். தானாக அளவு சரிசெய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அளவு மீறி மேலே வெட்டுப்பட்ட ஒலியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கோப்பு 24 பிட் வேவ், அதாவது சுருக்காத ஒலிக்கோப்பு. உலக ஒலி ஆவணக் காப்பகத்தாரின் ஐஏஎஸ்ஏ வழிகாட்டி குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்கிறது, 96-ஐப் பரிந்துரைக்கிறது. 48-இல் ஸ்டீரியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 96-இல் 2 ஜிபி. உங்கள் 70 கேசட்டும் நிரம்பியிருந்தால் மொத்தம் 111 மணி நேரம். அதாவது 115 ஜிபி அல்லது 230 ஜிபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. நேரம்தான். கேசட்டை ஓடும் நேரத்தில்தான் பதிய முடியும். நாளுக்கு இரண்டு மணி என்றால் 56 நாள், பழுதுபார்ப்பு சேர்த்தால் மூன்று மாதம்.

மூலக் கோப்பில் இரைச்சல் நீக்காதீர்கள், மௌனத்தை வெட்டாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் முதலில் தின்பது மெய்யெழுத்துகளை. அவர் நிறுத்திவிட்டு அடுத்த வார்த்தை சொல்வதற்கு முன் விட்ட பத்து நொடி இடைவெளியும் அவர் பாடத்தில் சேர்ந்ததுதான்.


திரைக்குப்பின்:

மிக்க நன்றி. எங்கள் திட்டமே தலைகீழாகிவிட்டது, ஆனால் நல்லதற்குத்தான். மூன்று சந்தேகம். ஐந்தாறு கேசட்டில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்து உள்ளே உருள்கிறது. ஒன்றில் நாடா அறுந்திருக்கிறது. நான்கு கேசட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுற்றின் மேல் வெள்ளையாகப் பொடி தெரிகிறது. சூட்டில் வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார்.


மறுமொழி: ஒலிநாடா

சூட்டில் வைக்காதீர்கள். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பது பசை கசியும் சிலவகைப் பெரிய ரீல் நாடாக்களுக்கான மருத்துவம், அதையும் வெப்பம் துல்லியமாக நிற்கும் கருவியில் தெரிந்தவர்கள்தான் செய்வார்கள். வீட்டு அவனில் கேசட் வைத்தால் கூடு வளைந்து நாடா சுருங்கும்.

வெள்ளைப் பொடி அநேகமாகப் பூஞ்சணம். அந்த நான்கையும் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் போகும். உலர்ந்த அறையில் சில நாள் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து செயலிழக்கும். பிறகு திறந்த வெளியில், என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டைத் திறந்து மென்தூரிகையால் சுற்றின் பக்கங்களை மட்டும் தட்டிவிடலாம். கொத்துக்கொத்தாக இருந்தால் நீங்கள் தொட வேண்டாம், நாடா பழுதுபார்ப்பவர்களிடம் கொடுங்கள்.

உதிர்ந்த பஞ்சுதான் பிரஷர் பேட். நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஒலி வந்து வந்து போகும். பசை தடவித் திரும்ப ஒட்டத் தோன்றும். செய்யாதீர்கள், பசை கசிந்து நாடாவில் படும். கூடு மாற்றுவதே வழி. ஐந்து ஸ்க்ரூ போட்ட ஒரு புதுக் கேசட்டை மேசையில் படுக்கவைத்துத் திறந்து, உள்ளே நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாடாவை எடுத்துவிடுங்கள். அவருடைய கேசட்டையும் திறந்து (ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடென்றால் இணைப்பு ஓரத்தில் மெல்லிய கத்தியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்க வேண்டும்) இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே தூக்கிப் புதுக்கூட்டில் இறக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் சுற்று நழுவி மேசையெல்லாம் நாடாவாகும். வழுவழுப்பான தாள்கள் மேலும் கீழும் இருக்க வேண்டும். நாடா பேடுக்கு முன்னால் போக வேண்டும். ஏ பக்கம் மேலே இருக்கிறதா என்று மறுமுறை பாருங்கள். மூடி, ஸ்க்ரூவை மெல்ல இறுக்குங்கள், அதிகம் முறுக்கினால் சக்கரம் சிக்கும். பென்சிலால் சுற்றிப் பார்த்துத் தடையில்லாமல் ஓடினால் சரி.

அறுந்த நாடாவுக்கு 3.8 மில்லிமீட்டர் அகல ஒட்டுநாடா தனியாக இருக்கிறது. இரண்டு முனையையும் ஒரே கோணத்தில் வெட்டி, மேலே ஏறாமல், இடைவெளியும் விடாமல் சேர்த்து வைத்து, ஹெட்டைத் தொடாத முதுகுப் பக்கத்தில் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப்பின் பசை கொஞ்ச நாளில் வழிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.


மறுமொழி: பிரதிக்காரர்

கேசட் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே காகித வேலையைத் தொடங்கலாம்.

பெட்டிகளை நீங்கள் இன்னும் கலைக்கவில்லை என்று நம்புகிறேன். நோட்டுகளும் பிரதிகளும் எந்த வரிசையில் கிடந்தனவோ அதுவே ஒரு தகவல். மேலிருந்து கீழாகப் போட்டோ எடுத்து, பெட்டி 1, அடுக்கு 1 என்று எழுதிக்கொண்டு, பிறகு வெளியே எடுங்கள். பக்கங்களுக்கு நடுவே துண்டுச்சீட்டு இருந்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சீட்டின் மூலையில் பென்சிலால் குறித்து, அங்கேயே திரும்ப வையுங்கள். பழைய பில் என்று நினைத்துத் தூக்கிப்போட்ட தாளின் மறுபக்கத்தில் காட்சி வரிசை எழுதியிருக்கும்.

துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழைத்து, அதன் மேல் வைத்துக் கால்களை நிமிர்த்தி எடுத்தால் காகிதம் கிழியாது. லேமினேஷன் கூடவே கூடாது. கிழிசலுக்கு டேப் ஒட்டவும் வேண்டாம். வழவழப்பான ஃபேக்ஸ் தாளிலோ ரசீதுத் தாளிலோ ஒளியமைப்புக் குறிப்பு இருந்தால் அதை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், எழுத்து தானாகவே மங்கிக்கொண்டிருக்கும்.

நோட்டுகளுக்கும் பிரதிகளுக்கும் 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), நிறத்தோடு, டிஃப் படக்கோப்பாக. பென்சில்தானே என்று கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். ஒரே பிரதியைப் பல ஆண்டு பயன்படுத்தும் இயக்குநர்கள் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு நிறம் எடுப்பார்கள். நிறம் போனால் இரண்டு காலத்துக் குறிப்பு ஒன்றாகிவிடும். வெற்றுப் பக்கம், அட்டை, அட்டையின் உட்புறம், எதையும் விடாதீர்கள். புகைப்படங்களுக்கு 600, பிலிம் நெகட்டிவ் இருந்தால் 3000-க்கு மேல்.

அழித்த பென்சில் குறிகளையும் படிக்கலாம். அறையை இருட்டாக்கி, பக்கத்துக்கு ஒரு ஓரமாக, ஏறக்குறைய தாளோடு தாளாக ஒரு விளக்கை வைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். கரி போயிருந்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். பாத்திரம் முதலில் இடமிருந்து நுழைவதாக ஒரு அம்பு, அதை அழித்து மேலே வலமிருந்து ஒரு அம்பு. அந்த இரண்டு அம்புக்கும் இடையில் ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது. அநேகமாக அது உங்கள் 70 கேசட்டில் ஒன்றில் இருக்கும்.

அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்: பிரதியையும் கேசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். வசனத்தின் நடுவே இரண்டு சாய்கோடு போட்டிருக்கும். அது மௌனமா, மூச்சா, திரும்பிப் பார்ப்பதா என்று பிரதி சொல்லாது. அந்த வசனம் வரும் ஒத்திகையைக் கேட்டால் அவரே சொல்லியிருப்பார். ஒவ்வொரு இயக்குநருக்கும் சொந்தச் சுருக்கெழுத்து உண்டு. அவருடைய குறிகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: குறி, பொருள், எந்தப் பிரதி, எந்தப் பக்கம், எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடம். கேசட்டுக்கும் இப்படியே ஒரு குறிப்புக் கோப்பு: '31, ஏ, 00:14:20, இரண்டாம் காட்சி நுழைவு, நிறுத்தி மூச்சைப் பற்றிப் பேசுகிறார்.' வரிக்கு இவ்வளவு போதும். முழுவதையும் எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்தால் எட்டு மாதத்தில் 70 கேசட்டும் முடியாது.

புகைப்படத்தில் யார் யார் என்று கேட்க மூலத்தை எடுத்துப் போகாதீர்கள். எண் போட்ட நகல்களைக் காட்டுங்கள். பழைய மாணவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தால் உரக்கச் சொல்பவரின் ஞாபகமே எல்லாருடைய ஞாபகமாகிவிடும். பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையில் எழுதுங்கள்.


மறுமொழி: உடலசைவு

வீடியோ பற்றி இரண்டு வார்த்தை. மினிடிவியில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் எடுத்தால் அதை அனலாகாக்கி மறுபடி டிஜிட்டலாக்குகிறீர்கள், தரம் வீணாகிறது. ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக அப்படியே நகலெடுங்கள். மணிக்கு 13 ஜிபி வரும். பதிந்த அதே கேமரா இன்னும் ஓடினால் அதையே பயன்படுத்துங்கள், குறிப்பாக எல்பி முறையில் (நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதிவது) பதிந்தவற்றுக்கு. அவை வேறு கருவியில் கட்டம்கட்டமாக உடையும். விஎச்எஸ்ஸுக்கு டைம்பேஸ் கரெக்டர் (படவரிகளின் நேரத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள டெக் கிடைத்தால் படத்தின் மேற்பகுதி கொடிபோல் அசைவது நிற்கும். முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் மட்டும் அவர் பதிவைப் போடாதீர்கள். அது இல்லாத கண்ணையும் வாயையும் ஊகித்து வரையும். திரையில் தெரிவது அவர் முகமாக இருக்காது.

பெட்டியில் இல்லாத ஒரு ஆவணத்தை யாரும் இதுவரை சொல்லவில்லை: மாணவர்களின் உடம்பு. நடிப்பும் நடனமும் கற்றவர்களுக்குப் பாடம் தசையில்தான் இருக்கும். வாயால் கேட்டால் வராது. 'ஆசிரியர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: கண்டிப்பானவர், அன்பானவர். அதற்குப் பதிலாகப் பழைய பதிவைப் போட்டுக்காட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, 'இங்கே எடையை எந்தக் காலில் வைக்கச் சொன்னார்? கண் எங்கே போகவேண்டும் என்றார்?' என்று கேளுங்கள். எழுந்து செய்து காட்டுவார்கள். அப்படி எழுந்து செய்வதைப் படமெடுங்கள். தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருக்கட்டும், கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கட்டும். சட்டையில் குத்தும் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே. ஒரு அமர்வு ஒன்றரை மணிக்கு மேல் வேண்டாம்.

வெவ்வேறு ஆண்டில் கற்றவர்கள் வெவ்வேறு மாதிரி செய்வார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றாக்கிவிடாதீர்கள். அவரும் காலப்போக்கில் மாற்றியிருப்பார். பெயர், கற்ற ஆண்டு, செய்த விதம் என்று தனித்தனியே வையுங்கள்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம். தன் மறைவுக்குப் பிறகு என்ன நடக்கவேண்டும் என்ற திட்டத்தை 2009-இல் அறிவித்தார், அந்த ஜூலையிலேயே மறைந்தார். அவர் விருப்பப்படி குழு இரண்டு ஆண்டு உலகம் சுற்றி ஆடிவிட்டு, 2011 டிசம்பர் 31-ஆம் தேதி நியூயார்க்கில் கடைசியாக ஆடிக் கலைந்தது. நடனங்களை 'கேப்சூல்' என்ற டிஜிட்டல் பொதிகளாக வைத்தார்கள். ஒரு நடனத்தின் பொதியில் அதன் வீடியோ, ஒலி, ஒளியமைப்பு வரைபடம், உடை, மேடையமைப்பு விவரம், அவருடைய கைக்குறிப்பு, ஆடியவர்களின் பேட்டி எல்லாம் சேர்ந்திருக்கும். நீங்களும் கேசட் ஒரு போல்டர், போட்டோ ஒரு போல்டர் என்று வகைபிரித்து முடித்துவிடாமல், நாடகத்துக்கு ஒரு பொதி செய்யுங்கள். 11 மேடைப் பிரதி இருக்கிறதல்லவா, அந்தப் 11-ஐச் சுற்றி மற்றவற்றைச் சேருங்கள்.

1928-இல் வந்த லாபன் குறியீடு, 1950-களில் வந்த பெனிஷ் குறியீடு என்று அசைவை எழுதும் முறைகள் இருக்கின்றன. முறையாகப் பயின்றவர் உங்களிடம் இருந்தால் ஒழிய அதில் இறங்க வேண்டாம். மேடையை மேலிருந்து பார்ப்பதுபோல் கட்டம் வரைந்து, காட்சிக்குக் காட்சி யார் எங்கே நின்றார், எப்படி நகர்ந்தார் என்று அம்பு போட்டால் நாடகத்துக்கு அதுவே போதும்.


மறுமொழி: உரிமைக்குறிப்பு

இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே யோசியுங்கள். பெட்டியை வைத்திருப்பது வேறு, உள்ளே இருப்பதற்கு உரிமை வைத்திருப்பது வேறு. நாடகத்தை எழுதியவருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தப்படி குறைந்தது அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு, பல நாடுகளில் அதைவிட அதிகம். பின்னணி இசைக்கு வேறொருவர். நடித்தவர்களுக்கும் தங்கள் நடிப்பின் பதிவு மேல் உரிமை உண்டு. ஆசிரியரின் நோட்டுகளுக்கு அவர் வாரிசுகள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் காலவரை எவ்வளவு என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நண்பர்கள்தானே என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் 1991-இல் மறைந்தார். அவர் நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று வாரிசுக்கும் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கும் வழக்கு நடந்து, பெரும்பாலானவை நிறுவனத்துக்கே என்று 2002-இல் தீர்ப்பு வந்தது. இடையில் அவர் குழுவே ஆட முடியாமல் நின்றது.

வீட்டாருடன் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதுகாத்தல், மாணவர்கள் படித்தல், அரங்கில் திரையிடல், இணையத்தில் வெளியிடல் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதி, எதற்குச் சம்மதம் என்று அவர்களே குறிக்கட்டும். மூலப்பொருள் கடைசியில் யாரிடம் இருக்கும் என்பதும் அதில் வரவேண்டும்.

சட்டத்துக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது. ஒத்திகைப் பதிவில் யாராவது கடுமையாகத் திட்டு வாங்கியிருப்பார்கள், யாராவது அழுதிருப்பார்கள், இடைவேளையில் சொந்த விஷயம் பேசியிருப்பார்கள். அழிக்காதீர்கள். ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் தனியாகப் போட்டுக்காட்டி, அவர் சரி என்றால்தான் மற்றவர்களுக்கு. மறுத்தால் குறிப்புக் கோப்பில் 'மூடியது' என்று எழுதிப் பூட்டிவையுங்கள்.


மறுமொழி: மேடைநிர்வாகி

நிகழ்ச்சிக்கு வருகிறேன். அரைமணி வீடியோ வேண்டாம் என்பது என் கருத்து. தொடர்ந்து அரைமணி பழைய பதிவு ஓடினால் பத்தாவது நிமிடத்தில் அரங்கம் கலையும், எவ்வளவு அன்பு இருந்தாலும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் ஐந்தாறு துணுக்கு, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். நடுவில் உயிருள்ள மேடை.

ஒலிநாடாவும் உடலசைவும் சொன்னதைச் சேர்த்தால் நிகழ்ச்சி தானாகவே கிடைக்கிறது. அவர் ஒரு வசனத்தை நிறுத்தித் திருத்தும் துணுக்கை ஒலிக்கவிடுங்கள். அன்று திருத்தப்பட்டவரே மேடைக்கு வந்து, அந்த வசனத்தைத் திருத்தத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்து காட்டட்டும். முன்னுரை வேண்டாம். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவரை ஒருமுறை கூடப் பார்க்காதவர்களும் கண்ணால் பார்ப்பார்கள்.

பேச்சாளர் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு நான்கு நிமிடம். நினைவுக் கூட்டம் கெடுவது இந்த இடத்தில்தான்: பேச வந்தவர் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார். அழைக்கும்போதே 'அவர் உங்களுக்குச் சொன்ன ஒரு திருத்தம், அதனால் என்ன மாறியது, அதை மட்டும் பேசுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி குறுகினால் பேச்சும் குறுகும். முதல் வரிசையில் ஒருவர் நிமிட அட்டையோடு உட்காரட்டும்.

தொழில்நுட்பம்: பழைய பதிவு 4:3. திரையை நிரப்ப இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். இருபக்கமும் கறுப்பாக விட்டுவிடுங்கள். ஒலித்துணுக்கின் நகலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மைக்கை இடித்த சத்தம் பெரிய ஸ்பீக்கரில் குண்டு போட்டதுபோல் கேட்கும். எல்லாத் துணுக்கின் உரப்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒத்திகை அறையின் எதிரொலியோடு அரங்கின் எதிரொலியும் சேர்வதால் பேச்சு புரியாது. அதனால் ஒலித்துணுக்குக்கும் எழுத்து கட்டாயம்: கறுப்புத் திரையில் இரண்டு வரிக்கு மிகாமல், அவர் சொல்லும் அதே நொடியில். இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள், கோப்பு கணினிக்குள்ளேயே இருக்கட்டும். அதே கோப்புகளோடு இரண்டாவது கணினி பக்கத்தில் தயாராக இருக்கட்டும். முதல் நாள் அதே அரங்கில், அதே ஸ்பீக்கரில், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை கேளுங்கள்.


திரைக்குப்பின்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒத்திகைக் கேசட்டுகளில் தொடங்குகிறோம், அவற்றிலும் சி-120 முதலில். பூஞ்சணம் பிடித்த நான்கையும் பிரித்தாயிற்று. வீட்டாருக்கான கடிதம் தயாராகிறது. பதிந்து முடித்த கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது என்பது மட்டும் பாக்கி.


மறுமொழி: ஒலிநாடா

மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். வீடியோ தளத்தில் ஏற்றியதைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள், அது சுருக்கிவிடும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கணக்கிட்டு ஒரு உரைக்கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரியும், நல்ல பிரதியிலிருந்து மாற்றிவிடலாம். அந்த வேலைக்குக் குழுவில் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள், ஒருவர் போதாது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

டிஜிட்டலான பிறகும் கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள். நிமிர்த்தி நிற்கவைத்து, உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரியில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வையுங்கள்.

நிகழ்ச்சித் துணுக்கு வெட்டுபவருக்கு ஒரு வேண்டுகோள். அவர் குரல் தொடங்கும் இடத்தில் சரியாக வெட்டாதீர்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நொடி அந்த ஒத்திகை அறையின் சத்தத்தை விடுங்கள்: நாற்காலி நகர்வது, யாரோ இருமுவது, தாள் புரளுவது. ஒலியை பூஜ்யத்திலிருந்து அரை நொடியில் மெல்ல ஏற்றுங்கள். காது அந்த அறைக்குப் பழகிவிட்டால் அவர் சொல்லும் முதல் வார்த்தை தெளிவாகக் கேட்கும்.